மெடிக்கலுக்குத் தயாராவது எப்படி

மெடிக்கலுக்கு முந்தின நாள் ராத்திரி உப்பைக் குறைச்சுக்கோ. காபி, டீ வேண்டாம். எடை பத்தலைன்னா காலையில் ஆறு வாழைப்பழம், மேலே ஒரு லிட்டர் தண்ணி. வரிசையில் நிக்கும்போது முட்டிக்கிட்டு வந்தாலும் அடக்கிக்கோ. பிரஷர் ஏறிடும்னு பயமா இருந்தா அப்பா போடுற மாத்திரையில் ஒண்ணு. ரத்தம் கம்மின்னா ஒரு மாசம் முன்னாடியே பீட்ரூட். முட்டி இடிச்சா ராத்திரி ரெண்டு முட்டிக்கும் நடுவில் தலையணையை வெச்சு, கணுக்கால் ரெண்டையும் துண்டால் சேர்த்துக் கட்டிப் படு. கலர் தெரியலையா, அந்த ஜப்பான்காரர் புத்தகத்தை மனப்பாடம் பண்ணு.

தருமபுரி மாவட்டத்தில் யூனிபார்ம் வேலைக்கு அலையும் எந்தப் பையனைக் கேட்டாலும் இந்தப் பட்டியலை ஒப்பிப்பான். அரூரில் ஒப்பிப்பான், பென்னாகரத்தில் ஒப்பிப்பான், பாலக்கோட்டில் இன்னும் ரெண்டு சேர்த்துச் சொல்வான். பீட்ரூட்டை விட்டுவிட்டால் இதில் ஒன்றுகூட உடம்பைச் சரிசெய்வதற்கானது இல்லை. எல்லாமே அரைமணி நேரத்துக்கு ஒரு டாக்டரை ஏமாற்றுவதற்கானவை.

இதைக் கேட்டதும் "நம்ம ஆளுங்களுக்கு நேர்மை கிடையாது சார்" என்று ஆரம்பிக்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. வேலைக்கான மருத்துவச் சான்றிதழ் என்கிற ஏற்பாடே ஒளித்துவைக்கச் சொல்லிக் கொடுக்கிறது என்பது என் கட்சி. உண்மையைச் சொன்னால் அந்தத் தாளில் 'அன்ஃபிட்' என்று எழுதுவார்கள். அதற்குக் கீழே எதுவும் எழுதமாட்டார்கள். எங்கே போய் வைத்தியம் பார்ப்பது, எப்போது திரும்பி வருவது, அதுவரைக்கும் என்ன சாப்பிடுவது, ஒரு வரி கிடையாது. அப்படி ஒரு தாளின் முன்னால் உண்மையைச் சொல்லச் சொல்வது, கிணற்றைக் காட்டிக் குதி என்று சொல்வதுதான்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டரை வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட், லேமினேஷன், போட்டோ. அங்கே வராத படிவம் இல்லை. அப்போதுதான் இந்தச் சான்றிதழ்களை வரி வரியாகப் படித்தேன். வேறு வேலை இல்லாத மத்தியான நேரங்களில் படிவம் படிப்பது ஒரு நல்ல பொழுதுபோக்கு, இலக்கிய வாசகர்களுக்கும் சிபாரிசு செய்வேன்.

உதாரணமாக, ஹோட்டலிலும் பேக்கரியிலும் வேலை செய்கிறவர்களுக்கான சான்றிதழ். உணவுப் பாதுகாப்புத் துறையின் 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளில் நான்காவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. உணவைக் கையாள்கிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, தொற்றுநோய் இல்லை என்று சான்று வாங்கி வைத்திருக்க வேண்டும். உடல் பரிசோதனை, கண், தோல், டைபாய்டு வகைக் காய்ச்சல்களுக்கான தடுப்பூசி, டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் அதற்கான டெஸ்ட். படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? முதலாளி பத்துப் பேருடைய ஆதார் நகலைக் கொடுத்தனுப்புவார். பத்துப் படிவம் பிரிண்ட் ஆகும். சாயங்காலம் பத்தும் கையெழுத்தும் சீலுமாகத் திரும்பி வரும். பத்துப் பேரும் அந்த நேரத்தில் பரோட்டா தட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய நாக்கை நீட்டச் சொல்லிக்கூட யாரும் பார்த்ததில்லை.

கனரக வாகன ஓட்டுநர்களுக்கான படிவம் 1-ஏ இதைவிடச் சுவாரசியம். வலிப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா, காது கேட்கிறதா, மாலைக்கண் இருக்கிறதா, இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத வேண்டும். எங்கள் கடையிலிருந்து சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருபத்தைந்து மீட்டர்கூட வராது. அந்தத் தூரத்தில் இருக்கும் டீக்கடைப் பலகையைப் படிக்கமுடியாமல் கண்ணை இடுக்குகிறவர்கள் அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் அவர்கள் தொப்பூர் கணவாயில் லோடு வண்டியை இறக்குவார்கள். தொப்பூர் என்றால் என்ன என்று சேலம், தருமபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

ஆக, சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லாரி ஓட்டுகிறவருடைய கண்ணைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கண்ணுக்கு வேண்டியது ஒரு கண்ணாடி, அல்லது சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, அல்லது ஒரு கண்புரை ஆபரேஷன். மூன்றும் தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே நடக்கக்கூடியவை. லைசென்ஸுக்குத் தேவையான அந்தத் தாள் அவரை அங்கே அனுப்புகிறதா? காசு கொடுத்தால் பாஸ், உண்மையான டாக்டரிடம் போனால் பெயில் என்று இரண்டே வழிதான். பெயில் ஆனால் வண்டிக்கு மாதத் தவணை கட்டுவது யார்?

தருமபுரிக்கே உரிய கதை தண்ணீரும் முட்டியும் சம்பந்தப்பட்டது. மேலே சொன்ன பட்டியலில் தலையணை வந்ததே, அதன் பின்னணி அதுதான்.

எங்கள் மாவட்டத்துப் பாறையில் ஃபுளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு கீழே போகப்போகத் தண்ணீரில் அது கூடும். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் ஒன்றரை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் பக்கத்து போர்வெல்கள் பல அதைத் தாண்டியவை. பல் பழுப்பாகும், முதுகு விறைக்கும், வளர்கிற வயதில் குடித்தால் சில பிள்ளைகளுக்குக் கால் எலும்பு வளையும். சாப்பாட்டில் கால்சியமும் குறைவாக இருந்தால் இன்னும் மோசம். அதாவது ஏழைப் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த ஷார்ட் என்பவரும் கூட்டாளிகளும் சென்னை மாகாணத்தில் ஃபுளோரைடு நோய் பரவியிருப்பதை 1937-லேயே எழுதிவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியில் முடிந்து தண்ணீர் வந்தது 2013-இல். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. அரசாங்கமே ஒப்புக்கொண்ட வியாதி.

இப்போது கணக்குப் போடுங்கள். இன்று இருபத்து மூன்று வயதில் துணை ராணுவத் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பையனின் எலும்பு வளர்ந்தது 2013-க்கு முன்னால், போர்வெல் தண்ணீரில். எழுத்துத் தேர்வு பாஸ். ஓட்டம் பாஸ். உயரம், மார்பளவு பாஸ். மெடிக்கலில் பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொல்கிறார்கள். முட்டி இரண்டும் உரசுகிறது, கணுக்கால்கள் சேரவில்லை. 'நாக்-நீ'. அன்ஃபிட்.

என் பெரியம்மா மகனுக்கு இப்படித்தான் போனது. அவனுடைய வளைவு தண்ணீரால் வந்ததுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வைட்டமின் டி குறைவாலும் வரும், பரம்பரையாகவும் வரும். ஆனால் எதனால் வந்தது என்று அந்த மருத்துவரும் கேட்கவில்லை, அந்தத் தாளிலும் அதற்குக் கட்டம் இல்லை. ரிவ்யூ மெடிக்கலுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதற்கான இடைவெளியில் அவன் என்ன செய்தான்? தலையணை, துண்டு. எலும்பு வளர்ச்சி நின்றுபோன வயதில் தலையணை வைத்து எலும்பு நேராகாது, அறுவை சிகிச்சைதான் வழி என்று எந்த எலும்பு டாக்டரும் சொல்வார். காலையில் வீங்கின கணுக்காலோடு எழுந்து மறுபடி கட்டுவான். பெரியம்மா எதுவும் பேசமாட்டாள். "துண்டை இறுக்கிக் கட்டாதடா, ரத்தம் ஓடாது" என்று மட்டும் சொல்வாள்.

கெட்ட தண்ணீரை ஊற்றி வளர்த்ததும் ஒரு அரசாங்கம்தான், வளர்ந்த காலை அளந்து வெளியே தள்ளியதும் ஒரு அரசாங்கம்தான். மாநிலம் வேறு, மத்தி வேறு என்று விளக்கம் சொல்ல வருகிறவர்கள் பெரியம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள். வளைந்த காலோடு எல்லையில் நிற்க முடியாது என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலோடு கணினி முன்னால் உட்கார முடியும், கிடங்கில் கணக்கெழுத முடியும், வயர்லெஸ் கேட்க முடியும். வேலையில் சேர்ந்தபிறகு கால் போனால் மாற்றுப் பணி தர வேண்டும், வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு நிறுவனங்களுக்குச் சொல்கிறது. வாசலுக்கு உள்ளே இருப்பவனுக்கு அவ்வளவு கருணை. வாசலில் நிற்பவனுக்குத் தலையணை.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே மறைக்க வேண்டியது வியாதிகூட இல்லை.

நீரா மாத்தூர் வழக்கு என்று ஒன்று. 1989-இல் டெல்லியில் எல்.ஐ.சி-யில் உதவியாளர் வேலைக்குத் தேர்வாகிறார். மருத்துவப் பரிசோதனையில் தகுதி என்று வந்து பணியில் சேர்கிறார். 1990 ஜனவரியில் குழந்தை பிறக்கிறது. பிப்ரவரியில் வேலை போகிறது. காரணம், சேரும்போது கொடுத்த உறுதிமொழிப் படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதியை மாற்றிச் சொல்லிவிட்டார் என்பது. படிவத்தில் அப்படியொரு கேள்வி இருந்தது. மாதவிடாய் சரியாக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருக்கலைப்பு நடந்ததா. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1991 அக்டோபரில் தீர்ப்பு. அவர் சொன்னது பொய்யா மெய்யா என்று நீதிமன்றம் அலசிக்கொண்டிருக்கவில்லை. அந்தக் கேள்விகளே ஒரு பெண்ணை அவமானப்படுத்துபவை, படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றது. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

இந்தத் தீர்ப்பை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேட்கக்கூடாத கேள்விக்குப் பொய் பதில் வந்தால் குற்றம் கேள்வியின் பக்கம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே முப்பது வருஷத்துக்கு முன்னால் புரிந்துகொண்டிருக்கிறது. புரியாதவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 2021 டிசம்பர் கடைசியில் ஸ்டேட் பாங்க் ஒரு மருத்துவத் தகுதி வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்', பிரசவமாகி நான்கு மாதம் கழித்து வரலாம். எதிர்ப்புக் கிளம்பி 2022 ஜனவரி இறுதியில் நிறுத்தி வைத்தார்கள். அதே வருஷம் ஜூனில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் விதி இதேபோலச் செய்தியில் அடிபட்டது. உட்கார்ந்து வேலை செய்கிற வங்கிக்கே பன்னிரண்டு வாரக் கர்ப்பம் ஒரு தகுதிக்குறைவு என்றால், நின்று வேலை செய்யும் கம்பெனிகளுக்கு எப்படி இருக்கும்?

தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் இந்தப் பாதியிலிருந்து போகிறவர்கள்தான். ஹீமோகுளோபின் ஒன்பது என்று வந்த ரிப்போர்ட்டை எங்கள் கடைக்குக் கொண்டுவந்து, "அண்ணா, இதைப் பதினொண்ணுன்னு மாத்தித் தரமுடியுமா" என்று கேட்ட பெண்ணை எனக்குத் தெரியும். முடியாது என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை சும்மா தருவார்கள், மூன்று மாதம் சாப்பிட்டால் ஏறிவிடும் என்றேன். "வேலைக்கு வரச் சொன்னது திங்கக்கிழமை" என்றாள்.

சரி, எதிர்க்கட்சிக்காரர் பேசட்டும். "உங்கள் வீரவசனம் இருக்கட்டும். டைபாய்டு உள்ளவன் சட்னி அரைக்கலாமா? காசநோய் உள்ளவன் பத்துப் பேரோடு அறையில் தங்கலாமா? பொதுச் சுகாதாரம் என்று ஒன்று இல்லையா?" நல்ல கேள்வி. இதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே நியூயார்க்கில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

மேரி மாலன். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த சமையல்காரி. அவளுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனால் உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தது. அவள் சமைத்த வீடுகளில் டைபாய்டு வந்தது. 1907-இல் பிடித்து ஒரு தீவில் அடைத்தார்கள். இனிமேல் சமைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு 1910-இல் விட்டார்கள். துணி துவைக்கும் வேலை கிடைத்தது, சம்பளம் சமையல் வேலையைவிடக் குறைவு. அவள் என்ன செய்தாள்? பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்குப் போனாள். 1915-இல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் சமையலறையில் கண்டுபிடித்தபோது இருபத்தைந்து பேருக்கு நோய் தொற்றியிருந்தது, இரண்டு பேர் இறந்திருந்தார்கள். மறுபடி தீவு, 1938-இல் சாகும்வரை. 'டைபாய்டு மேரி' என்று வில்லியாக்கிவிட்டார்கள். எனக்கு அவள் மேல் முழு அனுதாபம் என்று சொல்லமாட்டேன், செத்தவர்கள் செத்தவர்கள்தான். ஆனால் 1910-இல் நியூயார்க் நகராட்சி அவளுக்குச் சமையல் சம்பளத்துக்குச் சமமான வேறு வேலை கொடுத்திருந்தால் அந்த இருபத்தைந்து பேர் தப்பித்திருப்பார்கள் என்பது கூட்டல் கழித்தல் கணக்கு. அதற்கு மனமில்லை, தீவுக்குச் செலவழித்தார்கள்.

இன்னொன்று. மேரி போன்ற ஒருத்தியை நம்முடைய ஹோட்டல் சான்றிதழ் கண்டுபிடிக்குமா? கண், தோல், நாடி பார்த்தால் அவளுக்கு 'ஃபிட்' என்றுதான் வரும். நோயாளியாகத் தெரியாத கிருமிதாரியைத் தடுப்பது சோப்பும், ஓடுகிற தண்ணீரும், கைக்கு எட்டுகிற கழிப்பறையும், வயிற்றுப்போக்கு வந்த அன்றைக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவும். அதே நான்காவது அட்டவணை, நோய் உள்ளவரை உணவைத் தொட விடக்கூடாது என்கிறது. அன்றைய கூலி பற்றிப் பேசுவதில்லை. நாள் கூலிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான், நாம் இலை போட்டு உட்காருவோம்.

காசநோய்க்கான பதில் சென்னையிலேயே இருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, 1959-இல் வெளியானது. உலகமே அதை 'மெட்ராஸ் ஆய்வு' என்று சொல்கிறது. நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்தார்கள், மறுபாதிக்கு அவர்களுடைய குடிசையிலேயே மாத்திரை கொடுத்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு வருஷக்கணக்காகக் குடும்பத்தாரையும் கவனித்தார்கள். வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை. மருந்து சாப்பிடுகிற காசநோயாளியை ஊரைவிட்டுத் தள்ளத் தேவையில்லை என்று உலகத்துக்குப் பாடம் சொன்னது நம் ஊர். அந்த ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவன், முன்பு காம்கா என்றும் இப்போது வஃபித் என்றும் சொல்லப்படும் மெடிக்கலில், எப்போதோ வந்து குணமான காசநோயின் வடு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே அன்ஃபிட் ஆகிறான். கிருமி இல்லை, இருமல் இல்லை, வெறும் வடு. எங்கள் மாவட்டத்தில் வளைகுடா போகிறவர்கள் குறைவுதான், பெங்களூர் கட்டட வேலைதான் அதிகம். ஆனாலும் இந்தச் செய்தி மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதன் விளைவு ஒன்றுதான்: வெளிநாட்டுக் கனவுள்ளவன் இரண்டு மாத இருமலோடு அரசு ஆஸ்பத்திரிக்குச் சளி கொடுக்கப் போகமாட்டான். பெயர் பதிவாகிவிடுமே என்ற பயம். காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது மத்திய அரசு, 2024 நவம்பரில்தான் ஐந்நூறிலிருந்து ஏற்றினார்கள். நல்ல விஷயம். வருகிறவனுக்குத்தானே கொடுக்க முடியும்?

வேறு வழியில் எழுதத் தெரியாதவர்கள் இல்லை நம் சட்டக்காரர்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். வேலை தர எச்.ஐ.வி டெஸ்ட்டை நிபந்தனையாக வைக்கக்கூடாது என்கிறது. எச்.ஐ.வி உள்ளவருக்கு வேலை மறுப்பதானால், அவரால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றோ அந்த வேலைக்குத் தகுதியில்லை என்றோ சுதந்திரமான ஒரு மருத்துவர் எழுத்தில் தர வேண்டும் என்கிறது. அப்படியானால் முட்டிக்கும், ஹீமோகுளோபினுக்கும், வடுவுக்கும் அதையே எழுத முடியாதா?

நிறக்குருடு விஷயத்திலும் வழி திறந்திருக்கிறது. நான் ஆரம்பத்தில் சொன்ன ஜப்பான்காரர் இஷிஹாரா, டோக்கியோ பேராசிரியர், 1917-இல் வெளியிட்ட புத்தகம் அது. முழுப் பதிப்பில் 38 படங்கள். முதல் படத்தில் 12 என்ற எண் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மனப்பாடம் செய்கிறவர்களுக்குச் சிக்கல் நடுவில் வரும் சில படங்கள். அவற்றில் நிறக்குறை உள்ளவனுக்குத்தான் எண் தெரியும், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆக, தனக்குத் தெளிவாகத் தெரிகிற ஒரே எண்ணையும் "ஒண்ணும் தெரியல சார்" என்று சொல்லப் பழக வேண்டும். கண்ணால் பார்ப்பதை இல்லை என்று சொல்லத் தெரிந்தவனுக்கு வேலை. 2020 ஜூனில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, லேசான, நடுத்தர நிறக்குறை உள்ளவர்களுக்கு லைசென்ஸ் தரலாம் என்றார்கள். 2023 அக்டோபரில், நிறக்குறை என்று சொல்லி உதவிப் பொறியாளர் வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு வேலை தரும்படி நம்முடைய மின்வாரியத்துக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவருடைய குறைக்கு ஏற்ற பணியைக் கொடுக்கலாமே என்பதுதான் விஷயம். அதற்காக அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து டெல்லி எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. 'அன்ஃபிட்' என்று எழுதும் டாக்டர் அதன்கீழ் நான்கு வரி எழுத வேண்டும் என்று விதி வேண்டும். என்ன குறை. இந்தக் குறிப்பிட்ட வேலைக்கு அது எப்படித் தடை. எந்த அரசு மருத்துவமனையில், எந்தப் பிரிவில் காட்ட வேண்டும். எந்தத் தேதியில் திரும்பி வந்தால் இந்த இடம் இவருக்காகக் காத்திருக்கும். ரத்தசோகைக்கு மூன்று மாதம் என்றால் மூன்று மாதம் அந்த இடத்தை வைத்திருக்கட்டும், கம்பெனி மூழ்கிவிடாது. சோதனைக்கான காசை வேலை தருகிறவன் கொடுக்கட்டும். வேலையில் இருக்கும்போது வருஷா வருஷம் நடக்க வேண்டிய பரிசோதனையும் உண்மையிலேயே நடக்கட்டும், ஆதார் நகலுக்கு நடப்பதுபோல் வேண்டாம்.

இதைப் படிக்கிறவர்களில் மருத்துவம் படிப்பவர்களும் இருப்பீர்கள். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் இந்தப் படிவங்கள் உங்கள் மேஜைக்குக் கட்டாக வரும். அடுத்த முறை ஒரு பையன் பாதங்களைச் சேர்த்து நிற்கும்போது கணுக்காலில் துண்டு கட்டின தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தாய் என்று கேளுங்கள். படிவத்தில் அதற்கு இடம் இருக்காது. ஓரத்தில் எழுதுங்கள்.